கம்பி அறுந்த மறுநாள்

வாசகர் கேள்வி

ஐயா, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் குடியிருக்கிறோம். கணவருக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வேலை. சனிக்கிழமை இரவுதான் மேலே வருவார். வீட்டில் நான், இரண்டு பிள்ளைகள், தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார். முன்பக்கம் தளம் போட்ட வீடு. சமையலறை மட்டும் தகரக் கூரை. கடந்த சித்திரையில் ஒரு மாலை, ஆலங்கட்டியோடு சுழற்றி அடித்த காற்றில் பக்கத்துத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் கம்பிமேல் விழுந்து மூன்று நாள் மின்சாரம் இல்லை. மறுநாள் காலை ஊர்ப் பையன் ஒருவன் மூங்கில் கழியால் கம்பியைத் தள்ளி வழி செய்து கொடுத்தான். "இனிமேல் கவலை வேண்டாம் அண்ணி, பழைய ஜெனரேட்டர் ஒன்று விலைக்கு வருகிறது; சமையலறை பிளக்கில் சொருகினால் வீடு முழுக்க எரியும்" என்கிறார் கொழுந்தனார். அதை வாங்கலாமா, இன்வெர்ட்டர் வாங்கலாமா? மின்சாரம் இல்லாதபோது இன்சுலினை எப்படி வைத்திருப்பது? இடி இடித்தால் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். எனக்கும் பயம்தான்.

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளை விட, கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் மனம் நின்றுவிட்டது. அந்த மூங்கில் கழி. மின்கம்பி வேலையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். காற்றும் மழையும் அடிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். வானம் வெளுத்த மறுநாள் காலையில், "சீக்கிரம் வெளிச்சம் வரட்டும்" என்று ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்களே, உயிர் போவது பெரும்பாலும் அப்போதுதான். உங்கள் ஊர்ப் பையன் தப்பித்தது நல்லூழ். அவன் பெற்றோரிடம் இந்தப் பதிலைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

மரம் விழுந்து அறுந்த கம்பியில் மின்சாரம் இருக்காது, அது தானே நின்றிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சமவெளியில் ஈரமான வயல்மேல் விழுந்தால் பெரும்பாலும் அப்படி நிற்கும். நிலத்துக்குள் நிறைய மின்சாரம் பாய்வதைத் துணைமின் நிலையத்தின் பிரேக்கர் உணர்ந்து துண்டித்துவிடும். ஆனால் உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பாறை. பாறைமேலோ காய்ந்த சருகின்மேலோ மரக்கிளையிலோ கிடக்கும் 11,000 வோல்ட் கம்பியிலிருந்து நிலத்துக்குப் பாய்வது சொற்பம். அதைப் பிரேக்கர் கண்டுகொள்ளாமலேயே விட்டுவிடலாம். கம்பி சத்தமில்லாமல், பொறி பறக்காமல், செத்த பாம்பு போலக் கிடக்கும். உள்ளே உயிர் இருக்கும். துண்டிக்கப்பட்டே இருந்தாலும், பழுதைத் தேடுகிறவர்கள் எங்கோ ஒரு முனையிலிருந்து சோதனைக்காக ஒரு நிமிடம் மின்சாரம் விட்டுப் பார்ப்பதுண்டு. மழையில் நனைந்த மூங்கில் மின்சாரத்தைத் தடுக்காது. அது 11,000 வோல்ட் கம்பியா, வீட்டுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பியா என்று தரையிலிருந்து பார்த்து முடிவுகட்டும் வேலையும் வேண்டாம். இரண்டுமே ஆளைக் கொல்லும்.

கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. அது விழுந்த இடத்தைச் சுற்றிய தரையிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே உள்ள வேறுபாடே ஆளைச் சாய்க்கப் போதும். மாட்டுக்கு முன்னங்காலும் பின்னங்காலும் அதிகத் தொலைவில் இருப்பதால் மாடுதான் முதலில் விழும். காப்பித் தோட்டம் ஒன்றில் இப்படி விழுந்து கிடந்த பசுவைத் தூக்க ஓடியவரை, நான் கத்திய கத்தலில் பத்தடி முன்னால் நிறுத்தினேன். அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வார். ஆகவே கம்பி கிடந்தால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். வழியில் போகிறவர்களைத் தடுக்க ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் அங்கே எடுப்பார்கள். அழைக்கும்போது உங்கள் மின் இணைப்பு எண் கையில் இருக்க வேண்டும். அதைச் சமையலறைச் சுவரில் கரியாலாவது எழுதி வைத்துவிடுங்கள். அருகில் உள்ள கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மலையில் "பெரிய பலாமரத்துப் பக்கத்துக் கம்பம்" என்றால் கீழேயிருந்து வருகிறவருக்கு விளங்காது.

அடுத்தது கொழுந்தனாரின் யோசனை. அவர் உங்கள்மேல் உள்ள அக்கறையால்தான் சொல்லியிருக்கிறார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அது வேண்டவே வேண்டாம். ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் சொருகினால், அந்த மின்சாரம் உங்கள் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாகப் பின்னோக்கி ஓடித் தெருக்கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து உங்களுக்குத் தருவதற்காக வைத்தது. பின்பக்கமாக மின்சாரம் வந்தால் அதையே 11,000 வோல்ட்டாக ஏற்றிக் கம்பிக்கு அனுப்பிவிடும். அந்த நேரத்தில் இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு வயர்மேன், லைன் துண்டித்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தின்மேல் நின்றுகொண்டிருப்பார். அவர் உங்கள் ஊருக்கு வெளிச்சம் கொண்டுவரத்தான் மழையில் ஏறியிருப்பார். இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஜெனரேட்டர் வைத்தே ஆக வேண்டியவர்கள் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்சாரம் ஒரு பக்கம், ஜெனரேட்டர் மறு பக்கம், இரண்டும் ஒருபோதும் சேராத கைப்பிடிச் சுவிட்ச் அது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் பொருத்த வேண்டும். இயந்திரம் வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ இருக்கக் கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு தூங்குகிற வீட்டில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். குளிர்காய அறைக்குள் கரிச்சட்டி வைப்பதும் இதே ஆபத்துதான். அடைமழை நாளில் மாமியாருக்காக அப்படிச் செய்துவிடாதீர்கள். விறகடுப்பும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் பெட்ரோல் கேனைச் சேமித்து வைப்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வீட்டுக்கு ஜெனரேட்டர் பொருந்தாது என்பதுதான் என் முடிவு.

இன்வெர்ட்டர் வாங்குங்கள். ஆனால் கடைக்காரர் சொல்கிற கணக்கை விட்டுவிட்டு நம் கணக்கைப் போடுவோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 1,800 வாட்-மணி. அதில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 1,000 வாட்-மணிதான் பேட்டரியைக் கெடுக்காமல் பயன்படுத்தக் கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் மழை நாளில் மின்விசிறி தேவையில்லை. 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, செல்போன் சார்ஜ், இன்வெர்ட்டர் தனக்கென்று தின்னும் 10 முதல் 15 வாட், எல்லாம் சேர்த்து 50 வாட். மாலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை ஐந்து மணி நேரம் என்றால் நாளுக்கு 250 வாட்-மணி. நான்கு இரவு தாங்கும்.

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. விளக்கை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒன்றுமே எரியாவிட்டாலும் அது இரவும் பகலும் 12 வாட் வீதம் தின்றால், நாள் ஒன்றுக்கு 288 வாட்-மணி. விளக்கெரிக்கும் செலவை விட அதிகம்! மின்தடை நீளும் என்று தெரிந்ததும், விளக்குத் தேவைப்படாத நேரத்தில் இன்வெர்ட்டரின் முன்பக்கச் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியை அதில் இணைக்கவே வேண்டாம். ஒரே இரவில் பேட்டரி படுத்துவிடும். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். மாதம் ஒருமுறை மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மழைத்தண்ணீர் சுத்தமானதுதானே என்று அதை ஊற்றிக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இன்வெர்ட்டருக்கும் முன்னால் பணம் போக வேண்டிய இடம் வேறு. உங்கள் வீட்டுத் தகரக் கூரை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் அந்தத் தகரத்தை எங்காவது தொட்டுக்கொண்டு வருகிறதா என்று பகலில் எட்ட நின்று பாருங்கள். காற்றில் ஆடி ஆடி ரப்பர் தேய்ந்து, ஒரு நாள் கூரை முழுவதும் மின்சாரம் ஏறும். தகரத்தின் விளிம்பிலிருந்து துணி காயப்போட இரும்புக்கம்பி கட்டியிருந்தால் அதிலும் ஏறும். ஈரத்துணியோடு அதைத் தொடுகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். இன்றைக்கே அந்தக் கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். அவிழ்க்கும் முன் எலெக்ட்ரீஷியனை விட்டுத் தகரத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் வயரைத் தகரத்துக்கு மேலே தூக்கி, குழாய்க்குள் விட்டுக் கொண்டுவர மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த வயர் மீட்டருக்கு முன்னால் இருப்பதால், வீட்டுக்குள் எந்தப் பாதுகாப்புக் கருவி போட்டாலும் அந்தப் பகுதியைக் காக்காது. மின்கம்பத்திலும் அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியிலும் மாட்டைக் கட்டாதீர்கள், கொடியும் கட்டாதீர்கள்.

வீட்டுக்குள் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்று போடுங்கள். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இல்லை என்றால், அதாவது யார் உடல் வழியாகவோ நிலத்துக்குக் கசிகிறது என்றால், கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். அதில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழ வேண்டும். கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்க எர்த் குழியும் தேவை. பாறை நிலத்தில் அதன் ரெசிஸ்டன்ஸை 5 ஓமுக்குக் கீழே கொண்டுவருவது சிரமம். இரண்டு குழி எடுத்து இணைத்தால் குறையும், கோடையில் தண்ணீர் ஊற்றினாலும் குறையும். ஆர்.சி.சி.பி. இருக்கும்போது எர்த் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் உயிருக்குக் காப்பு உண்டு. இவ்விரண்டும் சேர்ந்தாலும் இன்வெர்ட்டரின் விலையில் ஒரு பங்குதான் ஆகும். கையில் இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் இதை முதலில் செய்யுங்கள். ஒரு சித்திரைக்குச் சோலார் விளக்கோடு சமாளித்துக்கொள்ளலாம்.

மாமியாரின் இன்சுலினைப் பொறுத்தவரை, சேலத்தில் இருக்கிறவர்களைவிட உங்களுக்குக் கவலை குறைவு. கீழே சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிறபோது, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற உங்களுக்கு நிழலில் 30 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பொதுவாக 25 முதல் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம். வகைக்கு வகை இந்த நாள்கணக்கு மாறும். அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும், மருத்துவரிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆக மூன்று நாள் மின்தடையில் பயன்பாட்டில் உள்ள குப்பி கெடாது. குளிர்ப்பெட்டியில் இருந்த புதுக் குப்பியை வெளியே எடுத்தால், எடுத்த தேதியைப் பேனாவால் பெட்டிமேல் எழுதுங்கள். பெரிய மண்பானைக்குள் மணல் போட்டு, நடுவில் சிறு பானை வைத்து, மணலை நனைத்து, மருந்தைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். மழைக்காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பானை பெரிதாகக் குளிராது. அப்போது காற்றே குளிர்ந்திருக்கும் என்பதால் பாதகமில்லை. கடையிலிருந்து ஐஸ் வாங்கி அதன்மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் வேலை செய்யாது. அதைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலும், பால் போன்ற மருந்தில் திரி திரியாகத் தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள்.

குளிரூட்டுவதைவிட இருப்பு முக்கியம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபின், கடலுக்கு வெகுதொலைவில் இருக்கிற நம் மலையிலேயே மண்சரிந்து ஏற்காடு மலைப்பாதையில் போக்குவரத்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மலைக்கு வரும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியாவது திறந்திருக்கும் என்று நம்பிக் கடைசிக் குப்பியோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. பங்குனியிலும் ஐப்பசியிலும் கணவரிடம் சொல்லி இரண்டு வாரத்துக்கான மருந்தையும் ஊசியையும் கூடுதலாக வாங்கி வையுங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். இருட்டில் சமையல் தாமதமாகிற வீட்டில் இதுவும் நடக்கக் கூடியது. அவருடைய தலைமாட்டில் ஒரு டப்பா சர்க்கரையும் டார்ச் விளக்கும் இருக்கட்டும்.

இடியைப் பற்றி. மின்னல் கண்ணில் பட்டதிலிருந்து இடி காதில் விழும் வரை பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் அது நம்மை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் தளம் போட்ட முன்பக்க அறைக்கு வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆன பிறகே வெளியே போகலாம். எண்ணத் தொடங்கிய பிள்ளைக்கு நடுக்கம் குறைவதைப் பார்ப்பீர்கள். என் பேத்திக்குக் குறைந்தது. அந்த நேரத்தில் குளிப்பது, குழாயில் பாத்திரம் கழுவுவது, சார்ஜில் இருக்கும் போனில் பேசுவது வேண்டாம். சார்ஜில் இல்லாத போனால் மின்னல் வராது. டிவி, குளிர்ப்பெட்டி பிளக்குகளை மேகம் திரளும்போதே பிடுங்கிவிடுங்கள். தலைக்குமேல் இடிக்கிறபோது போய்த் தொடாதீர்கள். தோட்டத்தில் மாட்டிக்கொண்டால் சில்வர் ஓக் அடியில் ஒதுங்கக் கூடாது. உயர்ந்து தனித்து நிற்கும் மரத்தைத்தான் மின்னல் தேடும்.

மின்னல் தாக்கி ஒருவர் விழுந்தால் அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. உடனே தொடலாம், மூச்சும் நாடியும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் மின்சாரம் தாக்கி விழுந்தவர் விஷயம் நேர்மாறு. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே தொட வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிக் கொடுங்கள். பதற்றத்தில் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

மின்சாரம் திரும்பி வருகிற நேரத்துக்கும் ஒரு வார்த்தை. காற்றில் நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி மட்டும் அறுந்திருந்தால், மூன்று பேஸ் லைனிலிருந்து பிரிந்து வரும் வீடுகளில் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வரை ஏறிவிடும். தெருவில் இருக்கும் டிவி எல்லாம் ஒன்றாக எரிந்துபோவது இப்படித்தான். ஆகவே மின்சாரம் போனதும் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பழைய குண்டு பல்பு ஒன்றை மட்டும் போட்டு வையுங்கள். எல்.இ.டி. பல்பு வோல்ட் ஏறினாலும் பெரும்பாலும் ஒரே மாதிரி எரியும், காட்டிக்கொடுக்காது. குண்டு பல்பு வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால், அல்லது மங்கி மங்கி ஏறினால், மெயினை அணைத்துவிட்டு மின்னகத்துக்குச் சொல்லுங்கள். பத்து நிமிடம் சீராக எரிந்தால் மற்றதைப் போடலாம். மோட்டாரும் குளிர்ப்பெட்டியும் கடைசியில்.

மிளகு பறிக்க அலுமினிய ஏணி வைத்திருக்கிற தோட்டக்காரர்கள் உங்கள் பக்கத்தில் உண்டு. மழைக்குப்பின் கிளைகள் தாழ்ந்து கம்பியோடு கம்பியாக நிற்கும். அந்த மரங்களில் ஏணி சாத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். கம்பிக்கு மேலே சாய்ந்து நிற்கும் சில்வர் ஓக் கிளைகளைச் சித்திரைக்கு முன்பே வெட்டித் தரும்படி, நீங்களும் அந்தத் தோட்டத்தாரும் சேர்ந்து மின்வாரியத்துக்கு எழுதுங்கள். லைனை நிறுத்தாமல் யாரும் அரிவாளை எடுக்கக் கூடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவர் மேலே இருப்பார். அன்று எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள். கொழுந்தனாரையும் கூப்பிட்டு உடன் நிறுத்துங்கள். எர்த் எத்தனை ஓம் என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்ணையும், சர்வீஸ் வயர் தகரத்தைத் தொடுகிறதா இல்லையா என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த அளவு ஆர்.சி.சி.பி., எத்தனை குழி என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.